மாமன் யாருங்க?

அவர் என் டிக்கெட் கவுண்டரின் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று கேட்டார். நான் மைக்கை அழுத்திப் பதில் சொன்னேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும், அவர் தங்கையின் புகுந்த வீட்டார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கை தவறி அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அழுத்தினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய தப்பு இது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

மதுரைக்கு வடக்கே, அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு அப்படியே வேனில் வந்து இறங்கக்கூடிய தூரத்தில், ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. பெயர் வேண்டாம். அங்கே டிக்கெட் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இதை எழுத வைத்தது ரேவதி. எனக்குக் கீழே கவுண்டரில் வேலை பார்த்தவர். இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். சென்ற மாதம் போன் செய்தார்.

“சார், ஒங்க கேள்விய ஆப்புல ஏத்திட்டாங்க.”

“எந்தக் கேள்வியம்மா?”

“அதான் சார், ‘மாமன் யாருங்க?’ இப்ப அதுக்குப் பேரு மாமன் சீர் பேக்கேஜ். மாமன் போட்டோவ ஏத்துனா வாசல்ல பெரிய டிவியில காட்டுவாங்களாம். மால போடுவாங்களாம். கூட வர்ற சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் முழு டிக்கெட்டு. வேற டிக்கெட்டே அதுக்குள்ள கெடையாது. புதுசா வந்திருக்க பிள்ளைகளுக்கு நீங்க ஒருநாள் வந்து கிளாஸ் எடுக்கணுமாம். மேனேஜர் கேக்கச் சொன்னாரு.”

“நீ என்னம்மா சொன்னே?”

“கேட்டுச் சொல்றேன்னேன். நீங்க வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். வந்தா நானே வாசக் கேட்டச் சாத்திப்புடுவேன்.”

வகுப்பு எடுக்கப் போகவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை இங்கே எழுதுகிறேன். பூங்காவுக்குப் போகிறவர்கள் படிக்கட்டும்.

பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன். மதுரையில் சில வருடம் டுடோரியலில் பாடம் எடுத்தேன், சில வருடம் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போட்டேன். பூங்கா திறந்தபோது ஆள் எடுத்தார்கள், போனேன். படித்த படிப்பு அங்கே நன்றாகவே பயன்பட்டது. ஒரே பொருளை எவனுக்கு எந்த விலைக்கு விற்கலாம் என்று புத்தகத்தில் வரைபடம் போட்டுப் படித்ததை, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மொட்டைத் தலைக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தேன்.

எங்களிடம் டிக்கெட்டுக்குப் பதில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவோம். ஒரு தடவை கட்டினால் அறுத்துத்தான் எடுக்க முடியும். நாள் முழுக்க எல்லா விளையாட்டுக்கும் போக நீலப் பட்டை. குழந்தைகளுக்கு மஞ்சள், அதில் வயது கணக்கில்லை, வாசலில் ஒரு கம்பம் நிற்கும், அதில் போட்ட கோட்டுக்கு மேலே தலை போனால் பெரியவர் விலை. குழந்தையின் கொண்டையும் சேர்த்துத்தான் அளப்போம். இரண்டு மணிக்கு மேல் வருகிறவர்களுக்குப் பச்சை, விலை பாதிக்கு வந்துவிடும். கடைசியாக ஒன்று, வெள்ளை. பார்வையாளர் டிக்கெட். தண்ணீரில் இறங்காமல் மரத்தடியில் உட்கார்ந்து பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது. நீலத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இராது.

நம் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேர் அந்த வெள்ளைப் பட்டைக்குரியவர்கள். அறுபது தாண்டிய எந்தப் பெண் சறுக்கு மரத்தில் ஏறித் தண்ணீருக்குள் விழப் போகிறாள்? இது எங்களுக்குத் தெரியும். எங்கள் பொது மேலாளருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தோட்டக்காரரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க், அதில் சீரகத் தண்ணீர். சாயங்காலம் கவுண்டருக்குள் வருவார், மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடிப்பார், கேட்பார்: “இன்னைக்கு எத்தனை வெள்ளை?” மொத்த வசூலைக் கேட்க மாட்டார், அதைத்தான் கேட்பார். கூடுதலாக இருந்தால் மூடியைத் திருகி மூடுவார். அந்தத் திருகலுக்கு நாங்கள் பயந்தோம். “பொய் சொல்லாதீங்க. கேட்டா சொல்லுங்க, கேக்கலேன்னா சொல்லாதீங்க. அவ்வளவுதான்” என்பது அவர் கொடுத்த பயிற்சி.

விலைப் பலகையில் வெள்ளை டிக்கெட் கடைசி வரியில் இருந்தது. அதன் முன்னால் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். செடி நன்றாக வளர்ந்தது. கவுண்டருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையும் சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. ஒரு மணிக்கு வந்து இறங்குகிற வேன்காரர்கள் அங்கே நிழலில் உட்கார்ந்து, இரண்டு மணி ஆனதும் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். இதை அவர் ஒரு வாரம் நின்று பார்த்தார். அடுத்த வாரம் கொட்டகை இல்லை, பெஞ்சும் இல்லை. புல் விதைத்து ‘உட்காராதீர்கள்’ என்று எழுதிவைத்தார்கள். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு எவள் நிற்பாள்? முழு விலைக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

இதெல்லாம் அவர் செய்தது. நான் செய்தது அந்தக் கேள்வி.

காது குத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அன்று முழுக்க மாமனுடைய நாள். சீர், துணிமணி, ஆடு, வேன் எல்லாம் அவன் கைச் செலவு. தங்கையின் மாமியார் வீட்டார் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், எதில் குறை வைக்கிறான் என்று. இந்தக் கூட்டம் எங்கள் கவுண்டருக்கு வந்தால் முதலில் பெண்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். யார் தண்ணீரில் இறங்குவது, யார் பையைப் பார்த்துக்கொள்வது, எந்தப் பிள்ளை கோட்டுக்குக் கீழே. பேசிப் பேசி எங்களிடம் இருப்பதிலேயே மிகச் சரியான டிக்கெட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். என் முதுகலைப் படிப்பு அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஒருநாள் ஏதோ வேடிக்கையாக மைக்கில் கேட்டேன், “மாமன் யாருங்க?” என்று. வட்டம் கலைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒருவரை முன்னால் தள்ளினார்கள். அவர் பலகையைக்கூடப் பார்க்காமல் எல்லாருக்கும் நீலம் எடுத்தார். சம்பந்தி வீட்டார் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எந்த மாமனும் விலை குறைந்ததைக் கேட்க மாட்டான் என்று அன்று கண்டுகொண்டேன்.

பொது மேலாளரிடம் போய்ச் சொன்னேன். “சார், நீங்க படிச்சவர்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து எல்லாக் கவுண்டரிலும் முதல் கேள்வி அதுதான். நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது உட்பட.

முத்துராசு வந்தது ஒரு முகூர்த்த நாள். பேரையூர்ப் பக்கத்துக்காரர், மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். தங்கை செல்வியை அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். செல்வியின் மகளுக்கு மொட்டை, காது குத்து, கருப்புக்குக் கிடாய் வெட்டு, எல்லாம் முடிந்து இரண்டு வேனில் வந்தார்கள். முத்துராசுவின் புதுச் சட்டையில் மடிப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை. இடது தோளில் பிள்ளையின் மொட்டைத் தலைச் சந்தனம் ஒட்டியிருந்தது. மணி ஒன்றரை தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் எல்லாருக்கும் பச்சையே வாங்கியிருக்கலாம். நிற்க இடமில்லை.

“வாங்க, வாங்க! மாமன் யாருங்க?”

“ஏ மாப்ள, ஒன்னையத்தேன் கூப்புடுறாக. ஏன் கூட்டத்துல பம்முற? முன்னாடி போ” என்று அவர் முதுகில் தட்டினார் ஒருவர். செல்வியின் கணவருக்கு அண்ணன், தவமணி என்று பெயர். பின்னால் திரும்பி, “வழி விடுங்கப்பா, ஜமீன்தாரு டிக்கெட்டு எடுக்க வாராரு” என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

முத்துராசுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். அவர் கண் குரோட்டன்ஸ் செடி வரைக்கும் இறங்கி, இலைகளுக்கு நடுவே எதையோ தேடியது. பிறகு கவுண்டரின் கறுப்புக் கண்ணாடியில் இருந்த ஓட்டைப் பக்கம் குனிந்தார்.

“சார், கெழடுகட்டைக தண்ணியில எறங்காதுக. அதுகளுக்குன்னு ஏதோ சின்ன டிக்கெட்டு இருக்குன்னு டிரைவர் சொன்னாப்ல…”

கேட்டுவிட்டார். எங்கள் சட்டப்படியே நான் கொடுத்திருக்க வேண்டும். ஓட்டை வழியாகவே ‘இருக்கு’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் விரல் மைக் பொத்தானுக்குப் போனது.

“பார்வையாளர் டிக்கெட்டா கேக்குறீங்க? யாருக்கு? சம்மந்தி வீட்டுப் பெரியவங்களுக்கா?”

சிரிப்பு நின்றது. தவமணிதான் முதலில் பேசினார். “இருக்கட்டும் மாப்ள. எங்க ஆத்தா வேணும்னா வேனுக்குள்ளயே ஒக்காந்துக்கிரும். வெயிலு அதுக்குப் பழக்கந்தேன்.”

“யாரு கேட்டா சின்ன டிக்கெட்டு?” என்றார் முத்துராசு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “எல்லாத்துக்கும் பெருசே குடுங்க சார்.”

கொடுத்தேன். ரேவதி ஒவ்வொரு கையாகப் பிடித்து நீலம் கட்டினார். தவமணியின் தாயாருக்கு, கண் புரை விழுந்த இன்னொரு கிழவிக்கு, மேலும் சில பெரியவர்களுக்கு. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இருந்தாள். அவளை எந்த விளையாட்டிலும் ஏற்றக் கூடாது என்று எங்கள் பலகையிலேயே எழுதியிருந்தது. அவளுக்கும் நீலம் விற்றேன். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தார். “கட்டும்மா” என்றேன்.

கிடாய்க் கறியும் சோறும் அண்டாவில் வேனில் இருந்தன. உள்ளே போய் மரத்தடியில் சாப்பிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்று காவலாளி வாசலில் நிறுத்திவிட்டார். வெளியே வந்து சாப்பிட்டால் மறுபடி உள்ளே போக முடியாது. இந்த இரண்டையும் டிக்கெட் எடுக்கும்போது நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லையே.

நாலு மணி வாக்கில் செல்வி வந்தாள். முன்பக்கம் வரவில்லை. பூங்காவுக்குள் திறக்கிற, நாங்கள் டீ வாங்குகிற பின் சன்னலுக்கு வந்தாள். முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்து விரித்தாள். நீலப் பட்டைகள். பல்லால் கடித்து அறுத்திருந்தாள்.

“அய்யா, இந்தாங்க. எங்க அத்தையோடது, பெரியாத்தாவோடது, இதெல்லாம் பெரியவுகளோடது. ஒருத்தரும் தண்ணியில காலு வைக்கல. தொட்டுப் பாருங்க, நனையக்கூட இல்ல. இத அந்தச் சின்ன டிக்கெட்டா மாத்தித் தந்துருங்க. மிச்சத்துக்குப் பிள்ளைகளுக்குச் சோறு வாங்கிக்கிருவோம். பசியில கத்துதுக. எங்க அண்ணன் கையில ஒண்ணுமில்ல. கேட்டா சொல்லவும் மாட்டேங்குது.”

எனக்குப் பின்னால் பொது மேலாளர் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். மூடியைக் கையில் வைத்திருந்தார்.

“அறுத்த பட்டை செல்லாதும்மா” என்றேன்.

“நனையலைய்யா…”

“அறுத்தா செல்லாது. இனிமே அவங்க உள்ள இருக்கணும்னாலே புதுசா எடுக்கணும்.”

அதற்குள் முத்துராசு அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“என்னாத்தா பண்ற இங்க?”

அவள் விரலை மூடிக்கொண்டாள். அவர் பிரித்துப் பார்த்தார். பட்டைகள் கீழே விழுந்தன.

“பிச்சையா எடுக்குற? என் பேரச் சொல்லியா எடுக்குற?”

“இல்லண்ணே, பிள்ளைகளுக்கு…”

“அங்க வச்சு அவன் என்னைய ஒரு தடவ அறுத்தான். நீ பின்னாடி வந்து இன்னொரு தடவ அறுக்குறியா?”

தவமணியும் வந்து சேர்ந்தார். “அட விடு மாப்ள, சண்ட எதுக்கு? மாமன் டிக்கெட்டு எடுத்தாச்சு, நாங்க சோத்தப் போட்டுக்கிறோம். ஜமீன் கஜானாவுல இன்னைக்கு இம்புட்டுத்தேன்னு ஆயிப்போச்சு. என்ன செய்ய?” என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை என்று ரேவதி பிற்பாடு சொன்னார். இருக்கலாம். அன்று அவர் சிரித்த சிரிப்புக்கு எடுத்துக்கொடுத்தவன் நான்.

வெளியேறும் வாசலில் இரும்புச் சுழல்கதவு உண்டு, ஒரு பக்கம்தான் திரும்பும். முத்துராசு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். வேனில் ஏறவில்லை. தார் ரோட்டில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். செல்வி சுழல்கதவு வரைக்கும் ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று கூப்பிட்டாள். உள்ளே பிள்ளை அழுதது. திரும்பிப் போனாள்.

சாயங்காலம் பொது மேலாளர் கேட்டார், “இன்னைக்கு எத்தனை வெள்ளை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“வெரி குட்” என்றார். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். தூக்கம் வராமல் புரண்டேன் என்று எழுதினால் அது பொய்.

தூக்கம் கெட்டது ஒன்றிரண்டு வருடம் கழித்து. ரேவதிக்கும் ஊர் பேரையூர்ப் பக்கம்தான். முத்துராசுவின் ஊருக்கு அடுத்த ஊர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் மூடியைத் திறக்காமலே சொன்னார். “சார், அன்னைக்கு சுழல்கதவத் தள்ளிட்டுப் போனாரே, அவரு இன்னும் தங்கச்சி வீட்டு வாசப்படி மிதிக்கல. பொங்கச் சீரு போகல. அந்தப் பிள்ள பொறந்த வீட்டுக்கு வந்தா, இவரு காட்டுக்குப் போயி அது பஸ் ஏறுன பெறகுதேன் திரும்புறாரு. ஒங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன். அந்தப் பட்டையக் கட்டுனது என் கை.”

கட்டியது ரேவதியின் கை, கட்டச் சொன்னவன் நான். ஆனாலும் வேலையை விடவில்லை. கேள்வியையும் நிறுத்தவில்லை. என் கவுண்டரில் நான் கேட்பதை மட்டும் விட்டேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணங்களை இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

குடும்பத்தோடு இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்த டிக்கெட் லாபம் என்று கவுண்டருக்கு வந்து யோசிக்காதீர்கள். அந்த இடம் நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்டது. வேனிலேயே பேசி முடித்துவிடுங்கள். யார் தண்ணீரில் இறங்குவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்கிறவர்கள் இறங்க மாட்டார்கள். குடும்ப பேக் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்ற கணக்கு, அப்பத்தாவும் அத்தையும் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பாதி நாள்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் பாதி நாள் டிக்கெட்டுக்குரிய நேரம் வரை எங்காவது டீக்கடையில் உட்காருங்கள். பட்டை கட்டுவதற்கு முன்னால் சாப்பாடு, திரும்பி உள்ளே வருவது, இரண்டையும் கேளுங்கள். பார்வையாளர் டிக்கெட்டை அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள். முக்கியமாக, டிக்கெட் எடுக்க மாமனை அனுப்பாதீர்கள். மானம் பார்க்காமல் நாலு கேள்வி கேட்கிற ஒரு பெண்ணை அனுப்புங்கள். இவ்வளவு எளிதான விஷயத்தை மறைக்க ஒரு நிர்வாகமும் ஒரு முதுகலைப் பட்டதாரியும் ஒரு குரோட்டன்ஸ் செடியும் தேவைப்பட்டன.

ஓய்வு பெற்ற பிறகு பேரையூருக்கு பஸ் ஏறினேன். முத்துராசு களத்தில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றார். தலை நரைத்திருந்தது. நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். “அய்யா, நான் அந்தப் பூங்காவுல…” என்றதுமே கையைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“ஒங்க மூஞ்சி எனக்கு நெனப்பில்ல. கண்ணாடி கறுப்பு. ஆனா இந்தக் கொரலு தெரியும்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். தெரிந்தேதான் செய்தேன் என்று சொன்னேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் தோள் துண்டால் முகத்தில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி மைக்குல கேட்டீக. இன்னைக்கு ஆளில்லாத களத்துல வந்து காதுக்குள்ள சொல்றீக. இது எந்த ஊரு ஞாயம்?”

“நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

“ஒண்ணும் செய்ய வேணாம். பஸ்ஸு நாலரைக்கு இருக்கு.”

மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேசினால் கேட்காது.

அவர் சொன்னதில் முதல் பாதியை, மைக்கில் கேட்டதற்குக் காதுக்குள் மன்னிப்பா என்றதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒண்ணும் செய்ய வேணாம் என்றதை விட்டுவிட்டேன். செல்வியின் மகள், அன்று மொட்டைத் தலையோடு வந்த அதே பிள்ளை, பெரியவளாகிவிட்டாள், அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் சடங்கு என்று ரேவதி சொன்னார். மாமன் வர மாட்டார், சீர்த் தட்டை வேறு யாரோ பங்காளி முறைக்காரர் தூக்கப் போகிறார் என்றும் சொன்னார். போனேன். வாசலில் மொய் எழுதுகிற மேசை, பெயர் படிக்க ஒரு மைக். கவரை வைத்துவிட்டு, “ஒரு வார்த்தை பேசிக்கிறேன் தம்பி” என்று மைக்கை வாங்கினேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி, குரோட்டன்ஸ் செடி, சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு மனிதரைக் குறுக வைத்தது, பட்டை செல்லாது என்றது. “முத்துராசு கொறை வைக்கல. கொறை நான் வச்சேன்” என்று முடித்தேன். நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

“யாருப்பா இந்தப் பெருசு? மைக்கப் புடுங்குங்கப்பா” என்று ஒரு குரல் வந்தது. தவமணி. ஆனால் பந்திப் பக்கத்திலிருந்து எனக்கு நேரே வந்தது செல்வி. பட்டுப் புடவை, கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு.

“அன்னைக்கு மைக்குல பேசச் சொல்லி எங்க அண்ணனா கேட்டுச்சு? இன்னைக்குப் பேசச் சொல்லி நானா கேட்டேன்?” என்றாள். “இந்த வீட்டு ஆளுக அத மறந்து போயிருந்தாக. மாமன் கோவக்காரன், வர மாட்டான்னு மட்டுந்தேன் பேசிக்கிட்டு இருந்தாக. இப்ப கையில காசில்லாம நின்ன கதையவும் சேத்துச் சொல்லிட்டீக. எம்மக சடங்குல, எங்க அண்ணன் இல்லாத எடத்துல, அது பேர ரெண்டாம் தடவ மைக்குல போட்டுட்டீகளே. படிச்சவரு தானே நீங்க? கேட்டுட்டுச் செய்யணும்னு ஒங்களுக்கு ஒருத்தருமே சொல்லித் தரலையா?”

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அவள் கேட்டதுதான் சரி. முதல் தடவை கம்பெனிக்காக ஒருவர் மானத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை என் மனப் பாரத்தை இறக்குவதற்காக அதையே எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் மைக் என் கையில்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“பூங்காக்காரரா?”

குரலை நானும் அடையாளம் கண்டுகொண்டேன். முத்துராசு. வணக்கம் சொல்ல விடவில்லை.

“எவன்யா ஒங்கள மண்டபத்துக்குப் போகச் சொன்னது? களத்துல வந்தப்பவே என்ன சொன்னேன்? ஒண்ணும் செய்ய வேணாம்னு தமிழ்லதானே சொன்னேன்? வயசுக்கு மரியாத குடுத்து விட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும். ரேவதி பிள்ளைட்ட நம்பர் வாங்கிப் பேசுறேன். பொம்பளப்பிள்ள சடங்குல போயி நின்னுக்கிட்டு…” திட்டிக்கொண்டே இருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நியாயமான திட்டு, ஒரு வார்த்தைகூட வீணில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “அண்ணே, அந்தக் கவரக் கேளுண்ணே.”

“ஆங். மொய்யின்னு ஒரு கவர வச்சிட்டுப் போனீகளாம்ல. அது எங்களுக்கு வேணாம். தபால்ல அனுப்பிருவோம். அட்ரஸச் சொல்லுங்க.”

“அது பிள்ளைக்கு…”

“அட்ரஸு” என்றார்.

அந்தப் பெண் குரல் மறுபடி ஏதோ சொன்னது. அவர் அதை எனக்குச் சொன்னார். “கவர ஒடைக்கலையாம். அப்பிடியே இருக்காம். தங்கச்சி சொல்லச் சொல்லுது.”

முகவரியைச் சொன்னேன். கதவு எண், தெரு, ஊர் என்று அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். “மெதுவாச் சொல்லுண்ணே” என்றாள். அவர் மெதுவாகச் சொன்னார்.